இதுவரை ஒருவரும் விலகியதில்லை

மே 4

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே என் வீட்டுக்காரி சுகம். நானும் சுகமாகத்தான் இருந்தேன், போன வெள்ளிக்கிழமை வரைக்கும். அங்கே நீங்களும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். என் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் கேட்டால் "சாப்பிட்டாச்சுப்பா" என்கிறாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனை எடுத்தால் என் குரல் தானாக ஏறிவிடுகிறது. கல்யாணத்தன்று நாற்காலி வாடகைக்காரரோடு நான் பேசியதை மண்டபமே கேட்டது, நீங்களும் கேட்டீர்கள். "பொண்ணைக் குடுத்த இடத்துல கத்தக் கூடாது" என்று என் வீட்டுக்காரி காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் ஒரு பெரிய கடைக்காரர் ஒரு கன்டெய்னர் நிறையக் குடை கேட்டார். எங்களுக்கு இந்த வருஷத்து வேலையே அதுதான். கம்பி வளைத்து, துணி வெட்டி, தைத்து, ஒவ்வொன்றையும் விரித்து மடக்கிப் பார்த்து அனுப்பினோம். குடைகள் உங்கள் துறைமுகம் வரைக்கும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. அங்கே பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிச் செய்த சாமான் எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது என்று உங்கள் அரசாங்கம் புது விதி போட்டிருக்கிறதாம். சந்தேகம் வந்தால் நிறுத்துவார்களாம். சந்தேகத்தை நாங்கள்தான் தீர்க்க வேண்டுமாம். தீர்க்காவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

யாரைப் பார்த்துச் சந்தேகம்? என் பட்டறையில் இருக்கும் இருபது பெண்களும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரியை நம்பாமல் நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்:

"எங்கள் தொழிலாளப் பெண்கள் தூரத்து ஊர்களிலிருந்து வந்து பட்டறை மாடியிலேயே தங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பெற்ற பெண்களைப் போலக் காத்து வருகிறேன். அனைவருடைய அடையாள அட்டைகளும் என் இரும்பு பீரோவில், என் சொந்தப் பொறுப்பில் பத்திரமாக உள்ளன. இருட்டியதும் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். கண் கெட்டுவிடும் என்பதால் செல்போன்களை இரவில் வாங்கி வைத்துவிடுகிறேன். பட்டறை தொடங்கிய நாள் முதல் இதுவரை ஒருவரும் விலகியதில்லை."

இதற்கு மேல் ஒரு முதலாளி என்னதான் செய்ய முடியும்? ஆனாலும் கன்டெய்னர் நகரவில்லை. அங்கே மழை தொடங்கப் போகிறது. மழை முடிந்த பிறகு குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் அதை வைத்து என்ன செய்வார்? சரக்கு திரும்பி வந்தால் பட்டறையை இந்தப் பருவத்துக்கு மூட வேண்டியதுதான். அந்தப் பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நீங்கள் அதே துறைமுகத்தில், அதே இறக்குமதி அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கிறீர்கள். நம் வீட்டு ஆள் அங்கே இருக்க நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என்றும் அன்புடன்,
தங்கள் குடைக்காரச் சம்பந்தி

மே 15

அன்பும் மதிப்பும் உள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் பெண் சாப்பிடுகிறாள். நானே பார்த்தேன், நேற்றிரவு என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டாள். இனி அந்தக் கவலையை விடுங்கள்.

ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். காகிதக் கட்டில் உங்கள் பட்டறையின் பெயரைப் பார்த்ததும் நேராக எங்கள் தலைமை அதிகாரியின் அறைக்குப் போய், "சார், இவர் என் சம்பந்தி" என்றேன். அவ்வளவுதான், அந்தக் கட்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டது. இனி அந்த அறைப் பக்கம் நான் டீ குடிக்கக்கூடப் போகக் கூடாது. சொந்தக்காரர் சரக்கைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். கடிதமாக எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கடிதத்தில் நீங்கள் எடுத்தெழுதியிருந்த பதிலை பஸ்ஸில் படித்தேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

சம்பந்தி, எங்கள் அலுவலக வாசலில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை இருக்கிறது. போகிறவர் வருகிறவர் யாரும் படிக்கலாம், அதனால் உங்களுக்குச் சொல்வதில் தப்பில்லை. கட்டாய வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் போட்டிருக்கிறார்கள். ஆட்களின் அடையாளத் தாள்களை முதலாளி வாங்கி வைத்திருக்கிறாரா? கதவைப் பூட்டுகிறாரா? வெளியாரோடு பேசவிடாமல் தடுக்கிறாரா? வேலையை விட்டு ஒருவருமே போனதில்லையா? நீங்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அதுவும் மார் தட்டிக்கொண்டு! பக்கத்து அறைக்காரர் அதைப் படித்துவிட்டு என்ன முழி முழித்தாரோ.

நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் இதையெல்லாம் மறைத்திருப்பான். ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு நீங்கள் வந்தபோது அந்தச் சாவி உங்கள் இடுப்பில்தான் தொங்கியது. நான் பார்த்தேன், எல்லோரும் கேலிகூடச் செய்தோம். அன்றைக்குப் பட்டறையில் தீப்பிடித்திருந்தால்?

இங்கே முதல் மழை வந்துவிட்டது. அலுவலகத்துக்கு நனைந்துகொண்டு போகிறேன். போகிற வழியில்தான் உங்கள் கன்டெய்னர் நிற்கிறது.

அன்புடன்,
துறைமுகத்துச் சம்பந்தி

மே 26

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பந்தமும் சொந்தமும் பந்தி வரைக்கும்தான் என்று புரிந்துகொண்டேன். இரண்டு நாள் உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி, "எழுதினாத்தான் உங்க பொருமல் அடங்கும், எழுதுங்க" என்றாள்.

அட்டைகளை நான் பிடுங்கிக்கொள்ளவில்லை. பட்டறை தொடங்கிய வருஷம் மாடிக் கூரை ஒழுகியது. ஒரு பெண்ணின் அட்டை நனைந்து எழுத்தெல்லாம் அழிந்துபோயிற்று. புது அட்டை வாங்க அவள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அலைச்சல் அந்தக் காலத்தில் ஊருக்கே தெரியும். அன்றைக்கு நான்தான், "எல்லாரும் என்கிட்ட குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கூரையை மாற்றி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அட்டைகள் பீரோவிலேயே இருந்துவிட்டன. திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை எப்படிக் கொடுப்பது?

இதற்கிடையில் உங்கள் அரசாங்கம் அனுப்பி இரண்டு பேர் நேரில் வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒரு பெண்மணி. இன்னொருவர் நம் பேச்சை அவருக்கு மாற்றிச் சொல்பவர். அவர்கள் வருவது முன்கூட்டியே தெரிந்ததால் நான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து வைத்தேன். பெண்களை உயர வரிசையில் நிறுத்தி, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் பழக்கினேன். "எங்க முதலாளி எங்களுக்கு அப்பா மாதிரி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." இருபது பேரும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடுகூட அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெட்டை அம்மாள் நாலாவது பெண்ணிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டு, இருபதாவது பெண்வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. இவ்வளவு நல்ல சேதி சொன்னதற்கு இதுதான் மரியாதையா?

தீப்பிடித்தால் என்று கேட்டீர்கள். எவ்வளவோ யோசித்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "நான் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப இவங்க உள்ளேயேவா இருந்தாங்க?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சுவரோரமாக ஒரு ஏணி. "எப்பலேர்ந்துடா இது?" என்றேன். "தெரியலீங்க முதலாளி. நான் வேலைக்குச் சேந்தப்பவே இருந்துச்சு. சினிமாவுக்கெல்லாம் இதுலதான் போவாங்க."

சம்பந்தியம்மா, நான் முன்கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பின்சுவரில் ஏணி வைத்துப் பட்டறையே சினிமா பார்த்திருக்கிறது. இதை நினைத்துக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். என் வீட்டுக்காரிக்கு அந்தக் குழப்பம் இல்லை, விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனவே தீப்பிடித்தாலும் ஆபத்தில்லை என்று உங்கள் பக்கத்து அறைக்காரருக்குச் சொல்லவும்.

இப்படிக்கு,
குடைக்காரச் சம்பந்தி

ஜூன் 5

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். மழை. உங்கள் ஏணியைப் பற்றி வீட்டில் சொல்லாத ஆளில்லை. என் மகன் தண்ணீர் குடிக்கும்போது கேட்டுப் புரையேறிப் படாத பாடு பட்டான்.

ஆனால் ஏணி இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். அது உங்களுக்கு நற்சான்று ஆகாது. சுவரேறிக் குதித்துத்தான் சினிமாவுக்குப் போக வேண்டுமென்றால், கதவு என்னத்துக்கு?

இன்னொன்று. இருபது பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று பெருமைப்பட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான், காலையில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே மூன்று கருத்து. இருபது பேருக்கு ஒரு குறையும் இல்லையென்றால் அதை யார் நம்புவார்கள்? எந்த இடத்தில் மனிதர்கள் குறை சொல்லவில்லையோ அங்கே சொல்லப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். நான் அதிகாரியாக இருந்தாலும் டீயை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இந்த இடம் வரைக்கும் முந்தாநாளே எழுதிவிட்டேன். எழுதியதும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், சமையலறையில் நின்றுகொண்டிருந்த உங்கள் பெண்ணுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அட்டைகளை அவரவர் கையில் கொடுக்கச் சொல்லி அடுத்தபடி எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அத்தை. அப்படியே உங்க பீரோவையும் கொஞ்சம் திறங்களேன்" என்றாள்.

"என்ன வேணும்?" என்றேன்.

"என் பாஸ்போர்ட்."

சம்பந்தி, கல்யாணமாகி வந்த வாரத்தில் அவளுடைய நகைகளோடு பாஸ்போர்ட்டையும் வாங்கி என் பீரோவில் வைத்தேன். தொலைந்துவிடக் கூடாதே என்றுதான் வைத்தேன், உங்களைப் போலவேதான். அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. தினமும் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைகிறவள் நான்! ஊருக்கு உபதேசம் என்று சொல்வார்களே, அது நின்று என் முகத்துக்கு நேராகச் சிரித்தது.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவு சாதாரணம். எனக்குத்தான் இவள் எங்காவது போய்விடுவாளோ என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. எங்கே போவாள்? போனால்தான் என்ன, திரும்பி வரமாட்டாளா? இந்தக் கேள்வியெல்லாம் எனக்கு இத்தனை நாள் வந்ததே இல்லை. பாஸ்போர்ட் என் பீரோவில் இருந்ததால் வரவில்லை.

ஆகவே இனி எழுதுவது அதிகாரியாக இல்லை. உங்களைப் போன்ற இன்னொரு பீரோக்காரியாக எழுதுகிறேன். அட்டைகளைக் கொடுத்துவிடுங்கள். கன்டெய்னருக்காக வேண்டாம், அது வருமா வராதா என்பது எனக்கும் தெரியாது. கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
துறைமுகத்துச் சம்பந்தி

ஜூன் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

என் பெண் உங்களிடம் அப்படிக் கேட்டாள் என்று படித்ததும் முதலில் பயந்தேன், பிறகு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. உங்களிடம் பயம் இல்லை போலிருக்கிறது. அது உங்களுக்குப் பெருமை.

பீரோவைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு அட்டையாக எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். அழுகையும் நன்றியுமாக இருக்கும் என்று நினைத்து, பேசுவதற்கு நாலு வரி தயார் செய்து வைத்திருந்தேன். எங்கே பேசவிட்டார்கள்! அட்டையில் இருந்த பழைய படங்களைப் பார்த்து ஒரே கூச்சல். "இது நீயாடி? ஐயோ, ரெட்டை ஜடை!" "உன் மூக்கு அப்பவே இப்படித்தானா?" ஒருத்தி அட்டையை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள். நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். செல்போன் கூடையையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வெளிக்கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இடுப்பில் சாவி இல்லாமல் நடந்தால் ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல இருக்கிறது.

மறுநாள் காலையில் கத்தரியைக் காணவில்லை.

கத்தரி என்பது பட்டப்பெயர், தையல்காரிதான் என்றாலும் துணி வெட்டுவதில் அவளுக்கு நிகர் கிடையாது என்பதால் வந்தது. பட்டறையின் முதல் நாளிலிருந்து இருந்தவள். அட்டை நனைந்து அலைந்த பெண்ணும் அவள்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்கதவு வழியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்து போனாளாம், வாட்ச்மேனுக்குக் கைகாட்டிவிட்டு. சம்பந்தியம்மா, எனக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. என்ன குறை வைத்தேன் அவளுக்கு? நன்றி கெட்டவள் என்று வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரி பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டேன்.

மற்றவர்கள் போகவில்லை. ஆனால் அவர்களுக்கு வாய் முளைத்துவிட்டது. என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன் இல்லையா? மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. சாப்பாட்டில் தினமும் உப்பு அதிகமாம். ஜன்னலோரத்து மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுக்கிறதாம். கம்பி வளைக்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லையாம். ஏணி ஆடுகிறதாம், புது ஏணி வேண்டுமாம்! "கதவைத்தான் திறந்து விட்டாச்சே, ஏணி எதுக்கு?" என்றேன். "பின்பக்கமாப் போனா தியேட்டர் கிட்ட, முதலாளி" என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் நான் ஒலிபெருக்கியில் பாடுவதை நிறுத்த வேண்டுமாம். உற்சாகமாக வேலை செய்யட்டும் என்று இத்தனை வருஷமாகத் தொண்டை வறளப் பாடுகிறேன். வீட்டுக்கு வந்து இந்த அநியாயத்தைச் சொன்னால், என் வீட்டுக்காரி, "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்கிறாள்.

இந்த லட்சணத்தில் அந்த நெட்டை அம்மாள் மறுபடியும் வந்து நின்றாள். இந்த முறை பேச்சை மாற்றிச் சொல்பவரோடு, முன்கூட்டித் தெரிவிக்காமல் வந்தாள். என்னை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒவ்வொருத்தியோடும் தனித்தனியாகப் பேசினாள். கதவிடுக்கு வழியாகச் சத்தம் கேட்டது. உப்பு, மின்விசிறி, ஏணி எல்லாம் வந்தது. ஒரு வாயாடி நான் பாடுவதைப் போலப் பாடிக்காட்டவே செய்தாள். உள்ளே ஒரே சிரிப்பு. நெட்டை அம்மாளின் பேனா நிற்கவே இல்லை, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். கடைசியில் வெளியே வந்து, "இங்கிருந்து யாராவது விலகியிருக்கிறார்களா?" என்று கேட்டாள். கத்தரியைப் பற்றிச் சொன்னேன். அவள் போன ஊரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கதை முடிந்தது. இருபது பேர் புகழ்ந்தபோதே விடாதவர்கள், பத்தொன்பது பேர் குறை சொல்லி ஒருத்தி ஓடியும் போனபிறகு விடுவார்களா? பட்டறையை மூடும் நாளை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள்மேல் வருத்தம் இல்லை. அட்டைகளைக் கொடுத்ததிலும் வருத்தம் இல்லை. அந்தப் பெண்கள் படியில் ஓடியதை இன்னொரு முறை பார்க்க முடியுமானால் இன்னொரு முறையும் கொடுப்பேன்.

அன்புடன்,
சரக்கு திரும்பப்போகும் சம்பந்தி

ஜூலை 1

அருமைச் சம்பந்திக்கு,

கன்டெய்னர் வெளியே வந்துவிட்டது!

இன்று காலை நடந்து வரும்போது, தினமும் நிற்கும் இடத்தில் அது இல்லை. ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது, திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று. பார்த்தால் லாரிமேல் ஏறி வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. நான் கைதட்டினேன். ஓட்டுநர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும்.

இனி அந்த அறைக்குப் போய் டீ குடிக்கலாம். குடித்தேன். முடிவு கடைக்காரருக்குப் போய்விட்டதால் பக்கத்து அறைக்காரர் காரணத்தையும் சொன்னார். முதல் அறிக்கையை வைத்துத் திருப்பி அனுப்பவே எழுதி வைத்திருந்தாராம். இரண்டாம் அறிக்கை வந்ததும் அதைக் கிழித்துப் போட்டாராம். "இப்படி வாயாடுகிறவர்களை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது" என்றார். உங்கள் பாட்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பத்தி இருக்கிறதாம்.

ஆனால் அது பாதிதான் சம்பந்தி. பத்தொன்பது பேர் என்ன பேசினாலும், இங்கிருந்து ஒருவர் போக முடியுமா என்ற கேள்வி அப்படியே நின்றதாம். அதற்குப் பட்டறைக்குள் இருக்கும் யாரும் பதில் சொல்ல முடியாது. போனவள்தான் சொல்ல வேண்டும். நெட்டை அம்மாள் உங்கள் கத்தரியைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதி அறிக்கையோடு இணைத்திருந்தார்கள், பக்கத்து அறைக்காரர் அதை எனக்குக் காட்டினார். மாற்றாமல் எழுதுகிறேன்:

"மூணு மழைக்காலமாப் போகணும்னு இருந்தேன். தங்கச்சி இங்க தையக்கடை வச்சிருக்கா, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அட்டை அவர்கிட்ட இருந்துச்சு. கேட்டா குடுத்திருப்பார், அவர் கெட்டவர் இல்லை. ஆனா கேட்டா அழுதுடுவார். அழற மனுஷன்கிட்ட எப்படிங்க கேக்கறது? அவரே குடுத்துட்டார், கிளம்பிட்டேன். யாரும் தடுக்கலை."

யாரும் தடுக்கவில்லை என்ற அந்த வார்த்தையில்தான் உங்கள் குடைகள் வெளியே வந்தன. அவள் இருந்து தைத்தது எல்லாம் போக, அவள் கிளம்பிப் போனதுகூட உங்களுக்குச் செய்த உபகாரம்தான்.

சாயங்காலம் உங்கள் பெண்ணும் நானும் கடைக்குப் போய் ஆளுக்கொரு குடை முழு விலை கொடுத்து வாங்கினோம். நல்ல குடை. கைப்பிடி ஈரத்தில் கொஞ்சம் வழுக்குகிறது. குறை சொல்லும் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண் அங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
உங்கள் சம்பந்தி

ஜூலை 14

என் அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறை நடுவில் நின்று உரக்கப் படித்தேன். பாட்டைப் பற்றிய பத்தி என்ற இடம் வந்ததும் தையல் இயந்திரங்களெல்லாம் நின்று ஒரே ஆரவாரம். கடைக்காரர் இன்னொரு கன்டெய்னருக்குச் சொல்லியிருக்கிறார். புதுக் கைப்பிடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டச் சொல்லியிருக்கிறேன், இனி வழுக்காது. மின்விசிறியும் மாற்றியாயிற்று. ஏணிக்கு இன்னும் மனசு வரவில்லை.

என் பெண் வந்து இறங்கினாள். வந்த அன்றே என் முகத்தைப் பார்த்து, "அப்பா, அவங்களைப் போய்ப் பாக்கணும்னு இருக்கு, போக வெக்கமா இருக்கு, அதானே?" என்றாள். நேற்று இருவரும் பஸ் ஏறிக் கத்தரி இருக்கும் ஊருக்குப் போனோம்.

சின்னக் கடை. இரண்டு இயந்திரம், ஒரு வெட்டு மேசை, சுவர் நிறையத் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பழக்கம். பிறகு என்ன நினைத்தாளோ, எனக்கும் என் பெண்ணுக்கும் நாற்காலி போட்டுவிட்டு, தனக்கும் ஒன்றை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இயந்திரத்துக்கு முன்னால் தவிர அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா போயிருக்கமாட்டேன்" என்றாள்.

என் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தரியின் தங்கை டீ கொண்டுவந்தாள். நால்வரும் டீ குடித்தோம். மழை எப்படி, வியாபாரம் எப்படி, பட்டறையில் யார் யாரோடு சண்டை என்று பேச்சு ஓடியது. கிளம்பும் நேரத்தில் கத்தரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"நான் தைச்ச மிஷின் சும்மாதானே கெடக்கு? எனக்குக் குடுங்க. இனாமா வேணாம், வெலைக்கு."

சம்பந்தியம்மா, என்னிடம் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. என் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா இப்போது அழப்போகிறார் என்று. நான் அழவில்லை. விலை சொன்னேன்.

அதிகம் என்றாள்.

என்றென்றும் அன்புடன்,
உங்கள் சம்பந்தி